திரைப்பட விழாவில் படங்களைத் தேர்ந்தெடுப்பது யார்?

மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் ஒரு தகப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கும் படம் ‘கூழாங்கல்’. பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதற்குத் தலைமைப் பரிசான புலி விருது கிடைத்தது. நாம் அதை ஓடிடியில் பார்க்க 2023 அக்டோபர் ஆகிவிட்டது. மதுரைக்குப் பக்கத்தில் எடுத்த படம் மதுரைக்காரர்களைவிட முன்னால் ரோட்டர்டாம்காரர்களுக்கு எப்படிக் கிடைத்தது? திரைப்பட விழா என்பதே என்னவென்று தெரியாதவர்களுக்கு அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பதில் எளிது. விழா நடத்துபவர்களில் சிலர் உட்கார்ந்து அந்தப் படத்தை முன்கூட்டியே பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ‘இதைப் போடலாம்’ என்று முடிவு செய்தார்கள். இந்த வேலை செய்பவருக்குப் புரோகிராமர் என்று பெயர். அவர்களுக்கெல்லாம் தலைவர் விழா இயக்குநர். உலகின் பெரிய விழாக்கள் பலவற்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அல்லது முன்பு உட்கார்ந்திருந்தவர், ஒரு சினிமா விமர்சகர். இயக்குநரையோ தயாரிப்பாளரையோ விட்டுவிட்டு விமர்சகரிடம் ஏன் விழாவைக் கொடுக்கிறார்கள் என்பதற்கு வருவோம். அதற்கு முன்னால் விழா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

தியேட்டரில் ஒரு படம் வருவதைத் தீர்மானிப்பவர்கள் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர்காரர். ஆள் வருமா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேல் இருக்கைகள். அவ்வளவு பெரிய கொட்டகையைக் கட்டிவிட்டு, நாற்பது பேர் பார்க்கும் படத்தை ஓட்ட யாராலும் முடியாது.

விழாவின் கணக்கு வேறு. நான்கு நாளோ பத்து நாளோ, ஒரே ஊரில், தேர்ந்தெடுத்த படங்களை ஒன்றிரண்டு காட்சிகள் மட்டும் போடுவார்கள். பல நாட்டுப் படங்கள் இருந்தால் அது சர்வதேச விழா. படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வருவார், பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள். சில விழாக்களில் போட்டியும் பரிசும் உண்டு, சிலவற்றில் கிடையாது. பரிசு கொடுக்கும் ஜூரி வேறு, படங்களைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராமர் வேறு. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். ஜூரியின் கைக்கு வருவது பதினைந்து, இருபது படங்கள்தான். ஆயிரக்கணக்கில் வந்தவற்றை அந்த இருபதாகக் குறைத்து வைத்தவர் புரோகிராமர். அதனால் விருது யாருக்கு என்பதைவிட, உள்ளே வந்தது எது என்பதுதான் பெரிய தீர்மானம் என்று எனக்குத் தோன்றும்.

இந்தத் தீர்மானம் தொடக்கத்தில் விழாக்காரர்கள் கையில் இல்லை. முதல் பெரிய விழா 1932-இல் இத்தாலியின் வெனிஸில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே முசோலினி அரசு அதற்குள் புகுந்துவிட்டது. 1938-இல் அங்கே கொடுத்த பரிசின் பெயரே முசோலினி கோப்பை. அதைப் பெற்றவற்றில் ஒன்று, ஹிட்லரின் ஜெர்மனியில் நடந்த ஒலிம்பிக்கைப் பற்றிய படம். கோபத்தோடு ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் கான் நகரில் தனி விழா தொடங்க ஏற்பாடு செய்தார்கள். தொடக்க நாள் 1939 செப்டம்பர் 1. அன்றைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள் படையை அனுப்பினார். விழா நின்றுபோனது. போரெல்லாம் முடிந்து முறையாக நடந்தது 1946-இல். நம் நாட்டு இயக்குநர் சேத்தன் ஆனந்தின் ‘நீசா நகர்’ அந்த முதல் ஆண்டிலேயே பரிசைப் பகிர்ந்துகொண்டது.

அப்புறமும் ஒரு சிக்கல் நீடித்தது. கான் விழாவுக்கு எந்தப் படம் போக வேண்டும் என்று அந்தந்த நாட்டு அரசும் அமைப்பும்தான் தீர்மானித்தன. ‘எங்கள் நாட்டின் சார்பில் இது’ என்று அனுப்பினால் விழா போட்டாக வேண்டும். 1972-இல்தான் கான் விழா, இனி படங்களை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று முறையை மாற்றியது. இன்றைக்கு நாம் அறிந்த புரோகிராமருக்கு அதிகாரம் வந்தது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அதாவது தேர்வு என்பது அரசு அலுவலகத்திலிருந்து ஒரு தனி ஆளின் ரசனைக்கு மாறியது. ரசனை தவறலாம். ஆனால் தவறியது யார் ரசனை என்று கேட்க முடியும், அவரிடம் சண்டை போட முடியும்.

இனி விமர்சகருக்கு வருவோம். 1956 கான் விழாவில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் போட்டார்கள். போட்ட நேரம் சரியில்லை, கூட்டம் மிகக் குறைவு. வழக்கமாக அத்தோடு அந்தப் படத்தின் கதை முடிந்திருக்கும். பார்த்த சில விமர்சகர்கள் விடவில்லை. இதை இன்னொரு தடவை போட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மறுபடி போட்டார்கள். ‘சிறந்த மனித ஆவணம்’ என்று ஒரு பரிசும் வந்தது. நல்ல படம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. ‘இது நல்ல படம், எல்லோரும் வாருங்கள்’ என்று சொல்லவும் ஒருவர் வேண்டும். விமர்சகர் அதை எழுதிச் சொல்கிறார். விழா நடத்தும் விமர்சகர் அதே வேலையை அட்டவணை போட்டுச் செய்கிறார்.

விமர்சகர்களே நேரடியாக இறங்கிய இடமும் கான் தான். 1962-இல் பிரெஞ்சு விமர்சகர் சங்கம் அங்கே ‘விமர்சகர் வாரம்’ என்று தனிப் பிரிவு ஆரம்பித்தது. ஒரு இயக்குநரின் முதல் படம் அல்லது இரண்டாவது படம் மட்டுமே அதில் இடம்பெறும். பெயர் பெற்றவர்களைப் பெரிய விழா பார்த்துக்கொள்ளட்டும், பெயரில்லாதவர்களை நாங்கள் தேடுகிறோம் என்ற முடிவு அது. வெனிஸ் விழாவை நடத்தும் அல்பர்ட்டோ பார்பெரா எழுத்திலிருந்து வந்தவர். சில ஆண்டுகள் பெர்லின் விழாவை நடத்திய கார்லோ சாத்ரியான் விமர்சகர். டொரன்டோ விழாவின் கேமரன் பெய்லியும் அப்படித்தான். நம் நாட்டில் அருணா வாசுதேவ் 1988-இல் ‘சினிமாயா’ என்ற ஆசிய சினிமா இதழைத் தொடங்கினார். பத்திரிகையில் எழுதி எழுதிச் சொன்ன ஆசியப் படங்களை மக்கள் பார்க்க வழியில்லையே என்பதற்காக 1999-இல் டெல்லியில் ‘சினிஃபேன்’ விழாவை ஆரம்பித்தார். எழுத்திலிருந்து விழாவுக்கு ஒருவர் நகரும் பாதை இந்த ஒரு வாழ்க்கையில் முழுசாகத் தெரிகிறது.

மதுரை போன்ற ஊருக்கு எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி ராஜர் ஈபர்ட் நடத்திய விழா. அமெரிக்காவின் ரொம்பப் பிரபலமான விமர்சகர் அவர். வேலை பார்த்தது சிகாகோ நாளிதழில். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று எங்கே வேண்டுமானாலும் விழா நடத்தியிருக்கலாம். 1999-இல் அவர் தன் சொந்த ஊரான அர்பானாவை ஒட்டிய ஷாம்பெயின் என்ற ஊருக்குப் போனார். 1921-இல் கட்டிய வர்ஜினியா தியேட்டர் என்ற பழைய கொட்டகை அங்கே இருந்தது. ‘கவனிக்காமல் விட்ட படங்களின் விழா’ என்று பெயர் வைத்தார். போட்டி கிடையாது. ஒரே திரை. சுமார் ஒரு டஜன் படங்கள். எல்லோரும் ஒரே கொட்டகையில் ஒரே படத்தைப் பார்க்க வேண்டியதுதான், எதற்குப் போவது என்ற குழப்பமே இல்லை. தியேட்டரில் வந்து சத்தமில்லாமல் போன படம், 70 எம்எம் படம், பேசாப் படம் என்று அவருக்குப் பிடித்தவை எல்லாம் இருக்கும். விழாவுக்கு வந்த கலைஞர்களுக்குத் தங்கநிறக் கட்டைவிரல் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்; கட்டைவிரலைத் தூக்கியும் தாழ்த்தியும் தீர்ப்புச் சொல்லும் டிவி நிகழ்ச்சியால் வீடுவீடாகத் தெரிந்தவர் அவர்.

முந்நூறு படங்களோடு வரும் விழாவைவிடப் பன்னிரண்டு படங்களோடு வரும் விழாவில் நடத்துபவரின் மனசு தெளிவாகத் தெரியும். முந்நூறு என்றால் கொஞ்சம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

காரணம் சொல்வது மட்டுமில்லை, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதும் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். இரண்டு திருவிழாவும் ஏற்கெனவே இருந்தவை. நாயக்கர் தேதியைத்தான் மாற்றினார். அடுத்தடுத்து வைத்ததும் ஜனங்கள் மனசில் ஒரு கதை ஓட ஆரம்பித்தது: தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அண்ணன் வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது, கோபத்தில் ஆற்றோடு திரும்பிவிட்டார் என்று. தனித்தனியாக இருந்தபோது இல்லாத கதை அது. புரோகிராமர் செய்வதும் இதுதான்.

1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேச விழா பம்பாயில் தொடங்கி மெட்ராஸ் உட்பட வேறு நகரங்களுக்கும் வந்தது. அதில் போட்டவற்றில் ஒன்று, சைக்கிளைப் பறிகொடுத்த இத்தாலியத் தொழிலாளியின் கதையான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. அதைப் பார்த்த பிமல் ராய் அடுத்த ஆண்டே, கடனுக்கு நிலம் போகாமல் காக்கக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியைப் பற்றி ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். இன்றைக்கு ஒருவர் இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டால், ஒரு பக்கம் விமர்சனம் எழுதாமலேயே ஒரு விமர்சனத்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

சரி, ஒரு படம் உள்ளே வருவது எப்படி? பெரும்பாலும் இயக்குநரே இணையத்தில், ‘ஃபிலிம்ஃப்ரீவே’ போன்ற தளத்தில் படத்தை ஏற்றி, நுழைவுக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கிறார். முதலில் ஒரு முன்தேர்வுக் குழு பார்க்கும். தேறியவை புரோகிராமரிடம் போகும். இன்னொரு பாதி வேலை, விண்ணப்பிக்காத படங்களைத் தேடிப் போவது. மற்ற விழாக்களுக்கு நேரில் போய், எடிட்டிங் முடியாத படங்களைக்கூடப் பார்த்து வைத்திருப்பார்கள். பெரிய விழாக்கள் ‘முதல் காட்சி எங்களிடம்தான்’ என்று கேட்கும். உலகத்திலேயே முதல் தடவை போட்டால் வேர்ல்ட் பிரிமியர், சொந்த நாட்டுக்கு வெளியே முதல் தடவை என்றால் இன்டர்நேஷனல் பிரிமியர். ‘கூழாங்கல்’ நமக்கு முன்னால் ரோட்டர்டாமுக்குப் போனதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். உள்ளூரில் முதலில் போட்டுவிட்டால் சில கதவுகள் மூடிக்கொள்ளும்.

தேர்வு முடிந்தபின் வருவது அலுப்பான வேலை. படத்தை டிசிபி என்ற தியேட்டர் வடிவத்தில் வரவழைக்க வேண்டும், சில படங்களுக்குத் திறக்க ஒரு சாவிக் கோப்பு தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். சப்டைட்டில் சரியாக ஓடுகிறதா, சத்தம் இரு பக்கமும் வருகிறதா என்று ஆபரேட்டரோடு உட்கார்ந்து முதல் நாளே சோதிக்க வேண்டும். விமர்சகர் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் இந்த இடத்தில் ஆபரேட்டர் சொல்வதுதான் சட்டம்.

இந்தியாவில் இதற்கு மேல் ஒரு படி உண்டு. பொதுமக்களுக்குப் போடும் எந்தப் படத்துக்கும் சென்சார் சான்றிதழ் வேண்டும். விழாவுக்கு வரும் ஈரானியப் படமோ கொரியப் படமோ அதற்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, படங்களின் பட்டியலோடு ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பித்து விலக்கு வாங்குகிறார்கள். அந்த விலக்கு, லாப நோக்கில்லாமல், பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் காட்டுவதற்கு. விழாவில் டிக்கெட் கிழிக்காமல் உங்கள் கழுத்தில் டெலிகேட் பாஸ் மாட்டிவிடுவது ஏன் என்றால், அதன் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது. விலக்கு மறுக்கவும் அமைச்சகத்தால் முடியும். 2017-இல் திருவனந்தபுரத்தில் நடந்த ஆவணப்பட விழாவில் 3 படங்களுக்கு மறுத்தார்கள். அதற்கு முன்பே, 2004 மும்பை சர்வதேச விழாவில் இந்திய ஆவணப்படங்களுக்கு மட்டும் சான்றிதழ் கேட்ட பிரச்சினையில், படமெடுப்பவர்கள் ஒன்றுசேர்ந்து ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். கானில் 1972-இல் தீர்ந்த கேள்வி, தேர்வு யார் கையில் என்பது, நம்மிடம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

மதுரையிலேயே இதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து விக்டோரியா எட்வர்டு மன்றத்தில், பகலில் நூலகத்துக்குப் போனவர்கள் மாலையில் அதே கட்டடத்து ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்தார்கள். விழா என்ற பெயரில் 1998-லிருந்து நடந்துவருவது மதுரை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா. ‘மறுபக்கம்’ அமைப்பின் சார்பில் அதை நடத்துபவர் ஆர்.பி.அமுதன். அவர் விமர்சகர் இல்லை, ஆவணப்பட இயக்குநர். ஆனால் ஆவணப்படத்தையும் குறும்படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்பது என்பது ஒரு விமர்சகரின் முடிவு மாதிரியானதுதான். ஸ்டார் வரமாட்டார், சிவப்புக் கம்பளம் இருக்காது. வேறு எந்தத் திரையிலும் இடமில்லாத படங்களுக்கு இங்கே இடம் இருக்கும்.

குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் இலை வரைந்து நடுவே ‘சிறந்த படம்’ என்று எழுதிய முத்திரைகளைப் போஸ்டர்களில் நிறையப் பார்க்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை இணையத்தில் மட்டும் நடக்கும் ‘சர்வதேச விழா’க்கள் பல இருக்கின்றன. கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு விருது வந்துவிடும். திரை கிடையாது, பார்வையாளர் கிடையாது, தேர்ந்தெடுத்தவர் யார் என்றே தெரியாது. பணம் அனுப்புவதற்கு முன்னால், படத்தை எந்த ஊரில், எந்தக் கொட்டகையில் போடுவார்கள், தேர்வு செய்பவர் பெயர் என்ன, சென்ற ஆண்டு என்னென்ன படங்கள் போட்டார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் அந்தக் காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

விழா நடத்தும் விமர்சகருக்கும் பலவீனங்கள் உண்டு. தான் தேர்ந்தெடுத்த படத்துக்குத் தானே விமர்சனம் எழுதினால் யார் நம்புவது? அதனால் கௌரவமான விமர்சகர்கள் அந்த ஆண்டு அந்தப் படங்களைப் பற்றி எழுதுவதில்லை. அப்புறம், இயக்குநர்களோடு சேர்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டால், அடுத்த படம் சுமாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராது. ஒரே ஆள் ரொம்ப வருஷம் நடத்தும் விழாக்களில் அதே பத்துப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கலாம். கூட்டம் பற்றிய பயமும் ஒன்று. ரோட்டர்டாம் விழா 1972-இல் தொடங்கியபோது முதல் நாள் இரவு வந்தவர்கள் 17 பேர். அன்றைக்கே ‘ஜனங்களுக்குப் பிடித்ததைப் போடுவோம்’ என்று அந்த விழாவைத் தொடங்கிய ஹூப் பால்ஸ் மாறியிருந்தால், மேலூர்ப் படம் போய்ச் சேர அங்கே ஒரு இடம் இருந்திருக்காது.

முதல் தடவையாக ஒரு விழாவுக்குப் போகிறீர்கள் என்றால், நுழைந்ததும் நிகழ்ச்சிநிரல் புத்தகத்தை வாங்கி, படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் பிரிவுகளைப் பாருங்கள். போட்டிப் பிரிவு, ஒரே நாட்டுப் படங்கள், ஒரே இயக்குநரின் பழைய படங்கள் என்று பிரித்திருப்பார்கள். பெரிய விருது வாங்கிய படம் எப்படியும் ஓடிடிக்கு வந்துவிடும், அதற்கு வரிசையில் நின்று கால் வலிக்க வேண்டாம். பழைய படங்களின் பிரிவில் திரையில் கிடைப்பதை முதலில் பிடியுங்கள். பெயரே கேள்விப்படாத இயக்குநரின் முதல் படம் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். ஐந்து பார்த்தால் ராத்திரி எந்தப் படத்தில் யார் செத்தார்கள் என்று குழம்பும். பிடிக்காத படத்திலிருந்து எழுந்து வரலாம், கேள்வி நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வெளியே டீ குடிக்கும் இடத்தில் புரோகிராமர் தென்பட்டால், ‘இந்தப் படத்தை ஏன் சார் எடுத்தீங்க?’ என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல புரோகிராமர் டீ ஆறும்வரை பேசுவார்.